பிளாப்பிகளைப் படிக்க ஒரு நிலையம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் தொழிற்பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகும் ஒருவருக்கு, 1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட செய்தியும், 1955இல் உருவான என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் தொழிற்சாலை கண்ட விவரமும் காகிதத்தில் கிடைத்துவிடும். ஆனால் 1985க்கும் 2005க்கும் இடைப்பட்ட காலத்துக் காரியாலய வாழ்வைத் தேடினால், அதில் கணிசமான பகுதி கணிப்பொறியின் பிளாப்பி வட்டுகளிலும் ஜிப் வட்டுகளிலும் அடைபட்டுக் கிடக்க, அவற்றைப் படிக்கவல்ல டிரைவ்களோ காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். அவ்வட்டுகளைப் படித்துக் காப்பது அரசாங்கம் உடனே மேற்கொள்ள வேண்டிய கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

சம்பளப் பட்டியல், ஷிஃப்ட் கணக்கு, பி.எஃப். விவரம், சரக்கு ஜாபிதா, சங்கத்து நோட்டீஸ் ஆகிய யாவும், கணிப்பொறி நுழைந்த அலுவலகங்களில், 1.44 எம்.பி. மட்டுமே கொள்ளும் மூன்றரை அங்குல பிளாப்பி போன்ற வட்டுகளிலேயே பெரும்பாலும் தங்கின. 2003ஆம் வருஷத் திட்டத்தின்படி வருமான வரிப் பிடித்தக் கணக்கைக்கூட கம்பெனிகள் பிளாப்பியிலோ சிடியிலோ கொடுக்கலாயின. படங்களும் பக்கங்களுமாகப் பெருத்துவிட்ட வேலைகளைச் சுமக்க, 1995இல் விற்பனைக்கு வந்த ஜிப் டிரைவ் டி.டி.பி. எனும் கணினி அச்சுக்கோர்ப்பு மையங்களுக்குப் பேருதவியாயிற்று, அதன் வட்டு ஒன்று ஏறக்குறைய எழுபது பிளாப்பிகளுக்குச் சமம்.

கடற்காற்று ஓயாத இப்பகுதியில் வட்டுக்கு ஆயுள் குறைவு. பரணில் கிடந்த பிளாப்பி ஒன்றை எடுத்து, அதன் உலோக மூடியை விரலால் நகர்த்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கரும்பழுப்பாய் மின்ன வேண்டிய மெல்லிய தகட்டின்மேல் வெண்பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் காணலாம். அதைத் துடைக்காமல் டிரைவில் செருகினால் வட்டைப் படிக்கும் ஹெட் அழுக்கேறி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும். ஜிப் டிரைவின் வியாதி இன்னும் பொல்லாதது: ஹெட் தடம் காணாமல் ‘டக், டக்’ என்று அடித்துக்கொள்ளத் தொடங்கியபின், அதில் இட்ட வட்டு கெடுவதோடு நில்லாமல், கெட்ட வட்டு வேறொரு டிரைவில் நுழைந்து அதையும் கெடுத்து, ஒட்டுவாரொட்டியாகப் பரவும்.

வட்டைப் படித்துவிட்டாலும் தமிழருக்கு மற்றொரு பூட்டு எஞ்சியிருக்கிறது. யூனிகோடு பரவுமுன் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறாக இருந்தமையாலும், 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியீட்டுத் தரங்களை அறிவித்தபின்னும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் நீடித்தமையாலும், அந்தந்த எழுத்துருவின் அமைப்பை அறிந்தவர் இருக்கும்போதே கோப்புகளை மாற்றிக்கொள்வது அவசியம்.

முக்கியமானதெல்லாம் அச்சில் இருக்குமே, மற்றவை குப்பைதானே என்பாரும் உண்டு. எது முக்கியம் என்பதை வருங்காலமே நிர்ணயிக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தின் நீர்ப்பரப்பு, 1996இல் மத்திய அரசு அங்கீகரித்த கடலோர வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்க, பிற்கால வரைபடம் ஒன்றில் அது காணாமற்போயிற்று என்று மீனவர்களும் சூழலியலாளரும் வாதாடியபோது, அவர்கள் கையிலிருந்த ஆதாரம் அந்தப் பழைய வரைபடமே. காகிதம் பிழைத்தது, வாதம் பிழைத்தது. பிளாப்பியில் மட்டும் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில், தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ உள்ள பொது நூலகத்தில் ஓர் அறை ஒதுக்கி, பழுது பார்த்த டிரைவ்கள் சிலவற்றையும், பிளாப்பியின் காந்தத் தடங்களை அப்படியே படியெடுக்கும் கிரீஸ்வீசல் போன்ற சிறு மின்பலகைகளையும் வைத்து, பொறியியல் மாணவர்க்குப் பயிற்சி தந்தால், பெருஞ்செலவின்றிக் காரியம் நடக்கும். தொழிலாளரின் சொந்த விவரங்களை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்ற விதியும் உடன் வேண்டும்.

பிளாப்பி கேட்ட அரசாங்க விதிகளை ஜப்பான் 2024இல்தான் ஒழித்தது. ஆதலால் கருவிகள் இன்னும் அடியோடு அற்றுப்போகவில்லை. எனினும் சோனி கம்பெனி பிளாப்பி விற்பனையை 2011லேயே நிறுத்திவிட்டபடியால், இனி புதிதாக வருவது ஏதுமில்லை, இருப்பது தேய்வதுதான். உழைத்த நாளுக்கும் பெற்ற கூலிக்கும் சாட்சியாக நிற்கக்கூடிய பதிவுகளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மீட்டுத் தருவது தயவு அன்று, அவர்களுக்குச் சேரவேண்டிய பாக்கி. அதை இந்த நிதியாண்டிலேயே அரசு தீர்க்கத் தொடங்க வேண்டும்.