மேம்படுத்தச் சொல்பவர்கள் வழியையும் எழுதித் தர வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டி உங்களில் சிலர் லினக்ஸுக்கு மாறியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் லினக்ஸை நிறுவுவது இப்போது பெரிய வேலையில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து அடுத்த பதிப்புக்குப் போகும்போதுதான் சங்கடம் வருகிறது. அந்த இடத்தில் நமக்குத் துணையாக இருக்க வேண்டியது தெளிவாக எழுதப்பட்ட வழிகாட்டி. திறந்த மூல உலகில் பலர் அதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை.

என்னிடம் படித்த ஒருவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பழைய கணினி, அதில் 32 பிட் டெபியன் 12. ஏதோ வீடியோ பார்த்துவிட்டுப் போன் செய்தான். "சார், புக்வோர்ம்னு இருக்கிற இடத்துல ட்ரிக்ஸின்னு மாத்தி ரெண்டு கமாண்ட் அடிச்சா 13 வந்துடுமாம். அடிக்கட்டுமா?" பொறு என்று சொல்லிவிட்டு, டெபியன்காரர்களின் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்தேன். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் பிசிக்குக் கர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் மேம்படுத்த வேண்டாம், முடிந்தால் 64 பிட்டாகப் புதிதாக நிறுவுங்கள், முடியாவிட்டால் கணினிக்கு ஓய்வு கொடுங்கள் என்று பட்டவர்த்தனமாக எழுதியிருந்தார்கள். எல்.எஸ்.சி.பி.யு என்று அடித்துப் பார்க்கச் சொன்னேன். பிராசஸர் 64 பிட்டும் தாங்கும் என்று வந்தது. ஆக, அவனுக்கு வேண்டியது மேம்படுத்தல் அல்ல, கோப்புகளை வெளியே நகலெடுத்துக்கொண்டு புதிதாக நிறுவுவது. பல வருடக் கடைக் கணக்கு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் டெபியனைப் பாராட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் குறிப்பு. முதலில் காப்பு நகல் எடு, வெளியிலிருந்து போட்ட மென்பொருள்களைக் கவனி, வட்டில் இடம் இருக்கிறதா பார், ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்காதே என்று வரிசையாகச் சொல்கிறார்கள். ஓபன்பிஎஸ்டிகாரர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி மேம்படுத்தல் பக்கம் எழுதுகிறார்கள். முடியும் என்பதற்கு இவர்களே சாட்சி. மற்ற பல இடங்களில் கிடைப்பது என்ன? "இந்தக் கட்டளையை இயக்கவும்" என்று ஒரு வரி. அப்புறம் பக்கத்தின் அடியில், "இயக்குவதற்கு முன்..."

நான் வேதியியல் வாத்தியார். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதைச் செய்முறைக்கு முன்னால் எழுதாமல் பின்னால் எழுதியவனின் ரெக்கார்டு நோட்டில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உங்களுக்கே நினைவிருக்கும்.

ஓசைப்படாமல் வரும் சிக்கல்தான் எல்லாவற்றிலும் மோசம். 2023-இல் வந்த டெபியன் 12-இல், வைஃபை போன்றவற்றுக்கான கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைத் தனிப் பிரிவாக்கினார்கள். மூலப் பட்டியலில் அந்தப் பிரிவின் பெயரைச் சேர்க்காமல் மேம்படுத்தினால் கணினி நன்றாகவே ஓடும். ஃபர்ம்வேருக்கான புதுப்பிப்புகள் மட்டும் வராது. குறிப்பில் அதை எழுதாமல் விட்டிருந்தால் சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பான்?

இன்னொன்று, மேம்படுத்தல் பாதியில் நிற்கும்போது வரும் கேள்வி. நீங்கள் மாற்றிவைத்த ஓர் அமைப்புக் கோப்புக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டு, ஒய், ஐ, என், ஓ, டி, இசட் என்று ஆறு எழுத்துகள். ஒய்யும் ஐயும் புதியதைப் போடும். என்னும் ஓவும் பழையதை வைத்துக்கொள்ளும்; எதுவும் தராமல் என்டர் அடித்தாலும் இதுவே நடக்கும். டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். இசட் அடித்தால் ஷெல் திறக்கும், அங்கே பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் முதல் தடவை பார்ப்பவர் பயந்துபோய்க் கணினியையே அணைத்துவிடுகிறார். பாதியில் அணைத்தால் வரும் தலைவலி வேறு கதை.

இலவசமாகத் தருகிறார்கள், தன்னார்வலர்கள், இதையெல்லாம் கேட்கலாமா என்று என் தம்பி மகன் கேட்கிறான். கேட்கலாம். அன்னதானம் போடுகிறவர் பந்தி எங்கே என்று காட்ட மாட்டாரா? தவிர, நான் அவர்களை மட்டும் கேட்கவில்லை. உங்களையும்தான் கேட்கிறேன். நிரல் எழுதத் தெரிந்தால்தான் இந்தத் திட்டங்களுக்கு உதவ முடியும் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறீர்கள். ஒரு பழைய கணினியை மேம்படுத்திக்கொண்டே, எந்த இடத்தில் முழித்தீர்கள் என்று குறித்து அனுப்பினால் அதுவும் பங்களிப்புதான்.

டெபியனை நிறுவும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த ஆறெழுத்துக் கேள்வி நான் பார்த்த கணினிகளில் ஆங்கிலத்தில்தான் வந்தது. அதற்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் சர்வர் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள் யாராவது படித்துத் திருத்தித் தாருங்கள். இந்தத் தடவை சிவப்பு மை உங்கள் கையில்.