காருக்கு இடமுண்டு, இட்லி வண்டிக்கு இல்லையா?



2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புரா மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா நாலாவைச் சீர்செய்ய வேண்டும் என்ற தில்லி உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் சுமார் 370 வீடுகள் தரைமட்டமாயின. ஒரு பகுதியினருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி நரேலாவில் வீடு என்றார்கள். 150-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தகுதியே இல்லை என்று கைவிரித்தார்கள். நரேலா போனால் ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் செய்த வேலை போய்விடும். ஆகவே பக்கத்திலேயே வாடகை அறை தேடி அலையும் நிலை நம்மவர்களுக்கு வந்தது.

தேடுவது ஆள் படுக்க ஓர் அறை மட்டுமல்ல. இட்லி வண்டி, இஸ்திரி வண்டி, சைக்கிள், கடன் வாங்கி எடுத்த ஸ்கூட்டர் ஆகியவையும் நம் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். கேம்பில் அவை வாசலிலேயே நின்றன. இப்போது வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “மதராசியா?” இரண்டாவது கேள்வி, “வண்டி இருக்கிறதா?” இருக்கிறது என்றால் அறை இல்லை, அல்லது வண்டிக்குத் தனி வாடகை. ரோட்டில் விட்டாலோ கார்ப்பரேஷன் லாரி தூக்கிப் போகிறது. வண்டி போனால் வருமானம் போகிறது. வருமானம் போனால் அறையும் போகிறது.

அதே தெருவில் இருபுறமும் கார்கள் நிற்கின்றனவே, அவை யார் நிலத்தில் நிற்கின்றன? நம் எல்லோருக்கும் சொந்தமான ரோட்டில்! நாலாக்கரையில் குடிசை நின்றால் ஆக்கிரமிப்பு. ரோட்டில் கார் நின்றால் பார்க்கிங். 2007-இல் வெளியான தில்லி மாஸ்டர் பிளானைப் பாருங்கள். திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் கணக்கு. குடிசைவாசிக் குடும்பத்துக்குக் கட்டும் வீடு 25 முதல் 30 சதுர மீட்டர். ஐந்து ஜீவன்கள் வாழும் வீடும் ஒரு கார் நிற்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்று!

“கார்காரர் வரி கட்டுகிறார்” என்பார்கள். அந்த வரி ரோட்டில் ஓட்டுவதற்கு. கேட்டுக்கு முன்னால் ரோட்டைப் பட்டா போட்டுக் கொள்வதற்கல்ல. நாலாவைச் சுத்தம் செய்யக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் நாம்தான். உழைப்பவனை அவன் உழைக்கும் இடத்திலிருந்து துரத்தாதே என்றுதான் சொல்கிறோம்.

வாடகைச் சட்டமும் நம்மைக் காப்பதில்லை. 1958-ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988 திருத்தத்திற்குப் பின், மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்குச் செல்லாது. அந்தத் தொகைக்குள் போகலில் எந்த அறை கிடைக்கிறது? வரம்பை உயர்த்து என்று கேட்பது நம் முதல் கோரிக்கை.

இரண்டாவது, தள்ளுவண்டிகள் இரவில் நிற்க ஒவ்வொரு வட்டாரத்திலும் இடம் ஒதுக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைய வேண்டிய நகர வியாபாரக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அங்கே நம் குரல் ஒலிக்கட்டும். அதே சட்டப்படி, பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். கேட்டால், கெடாத பொருளை இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் கெடும் பொருளை அன்றைக்கேயும் திருப்பித் தர வேண்டும். பட்டியல் வாங்காமல் விடாதீர்கள்.

இனி அறை பார்க்கத் தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள். வண்டி நிற்கும் இடத்தையும் வாடகைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் முன்பணம் தராதீர்கள். என்ன வாடகை, வண்டிக்கு எவ்வளவு பிடித்தார்கள், எத்தனை முறை வண்டி பறிபோனது என்பதைச் சங்கத்தில் வந்து பதிவு செய்யுங்கள். ஒருவர் சொன்னால் புலம்பல் என்பார்கள். நூறு குடும்பத்தின் கணக்கைக் கையில் வைத்துக் கேட்டால் அதிகாரி பதில் சொல்லியே தீர வேண்டும்!