வீட்டுக்குள் வரும் பராமரிப்புக்கு யார் பொறுப்பு?

இலங்கையில் தனியார் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றை நடத்தப் பதிவு வேண்டும். ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்துக்கும் பதிவு வேண்டும். ஆனால், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரின் வீட்டுக்கு ஆள் அனுப்பி மாதாமாதம் பணம் வாங்குவதற்கு ஒரு தொலைபேசி இலக்கமும் ஒரு பேஸ்புக் பக்கமும் போதும். அனுப்பப்படுபவர் என்ன பயிற்சி பெற்றார், புண்ணுக்கு மருந்து கட்டத் தெரியுமா, அவர் வராத நாளில் யார் வருவார் என்றெல்லாம் கேட்பதற்கு ஆளில்லை.

இந்த இடைவெளியின் விலை என்ன என்பதை அண்மையில் வத்தேகமவில் பார்த்தேன். கண்டி - மாத்தளை ரயில் பாதையில் உள்ள சிறிய நகரம் அது, சுற்றிலும் தோட்டங்கள். நான் சந்தித்த குடும்பம், 1977 வன்முறைக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. 2009இல் ஷெல் துண்டு முதுகில் பட்டதிலிருந்து தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முகாமிலிருந்து வெளியே வந்தபின், தாயையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அக்கா சொந்தக்காரர்கள் இருக்கும் வத்தேகம பக்கம் வந்துவிட்டார். இப்போது தாய்க்கு எழுபது கடந்துவிட்டது, ஞாபகமும் தப்புகிறது. அக்கா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அதனால் லண்டனில் இருக்கும் மூத்த அண்ணன், முகவர் நிலையம் ஒன்றின் ஊடாகப் பராமரிப்பாளரை ஒழுங்கு செய்தார்.

மூன்று மாதத்தில் நான்கு பேர் மாறினார்கள். நான்காமவர் வந்தபோது தம்பியின் இடுப்பில் படுக்கைப் புண் எலும்புவரை போயிருந்தது. "வாற பிள்ளையள் நல்ல பிள்ளையள்தான் தம்பி. ஆனா, இவனைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்க வேணும் எண்டு அதுகளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றார் அக்கா. எங்கே முறையிடுவது என்று அவர் கேட்டுப் போனபோது, ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது. முகவர் நிலையமோ அடுத்த மாதப் பணத்தைக் கேட்டது.

சட்டங்கள் கட்டடத்தைப் பார்க்கின்றன

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கான தேசிய சபையையும் தேசிய செயலகத்தையும் உருவாக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்படுகின்றன.

இவற்றை அந்த வத்தேகம வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். தாய் முதியோர் சட்டத்துக்குள் வருகிறார். மகன் இன்னும் அறுபதைத் தொடாததால் வரமாட்டார். மகனுக்கு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது; அது வீட்டுக்கு வரும் பணியாளரின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முகவர் நிலையத்தில் கட்டில் இல்லை, வைத்தியர் இல்லை. ஆகவே அது மருத்துவமனையும் அல்ல, முதியோர் இல்லமும் அல்ல. கட்டடமும் கட்டில்களும் எங்கே உள்ளனவோ அங்கேதான் அதிகாரி போகிறார். பராமரிப்பு உண்மையில் நடக்கும் வீட்டறைக்கு அவர் வருவதில்லை.

அரசின் உதவி பெரும்பாலும் பணமாகவே வருகிறது. 2025 வரவு செலவுத் திட்டம் முதியோர் கொடுப்பனவை 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவை 7,500இலிருந்து 10,000 ரூபாவாகவும் உயர்த்தியது. இது தேவையான உதவி. ஆனால், அந்தப் பணத்தைக் கொண்டு வாங்கும் சேவைக்கு ஒரு குறைந்தபட்சத் தரம்கூட வகுக்கப்படவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே அறுபது வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம். அந்தப் பங்கு தொடர்ந்து ஏறுகிறது. பிள்ளைகளோ வெளிநாடு போகிறார்கள். போர் பிள்ளைகளைப் பறித்துக்கொண்ட வீடுகளில் பார்ப்பதற்கு ஆளே இல்லை.

ஏற்றுமதிக்கு ஒரு தரம், வீட்டுக்கு ஒரு தரமா?

வெளிநாட்டுக்குப் போகும் பராமரிப்பாளர் விடயத்தில் இதே அரசு கவனமாக இருக்கிறது. தேசிய தொழில் தகைமை முறைமையில் பராமரிப்பாளர் பயிற்சிக்கும் இடம் உண்டு. 2019இல் ஜப்பானுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின் கீழ் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர், பராமரிப்புத் திறன் பரீட்சையிலும் ஜப்பானிய மொழிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். ஜப்பானியப் பாட்டி தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வது இலங்கைப் பெண்ணுக்கு விளங்க வேண்டும் என்பதுதான் காரணம்.

வத்தேகமவில் தமிழ் மட்டும் தெரிந்த தாய்க்குச் சிங்களம் மட்டும் தெரிந்த பராமரிப்பாளர் வந்தபோது அந்தக் கேள்வியை எவரும் எழுப்பவில்லை. ஞாபகம் தப்பும் நோயில் பின்னால் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் போகும்; தாய்மொழி கடைசிவரை நிற்கும். அந்த நிலையில் உள்ளவருக்கு மொழி, மருந்துக்கு அடுத்த தேவை. 1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. எனவே பராமரிப்புத் தரநிலை என்று ஒன்று வரைந்தால், நோயாளியின் மொழி அதில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போரைக் கண்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இரவில் திடுக்கிட்டு எழும்புகிறவரை, வெடிச்சத்தத்துக்கு ஒடுங்குகிறவரை எப்படி அணுகுவது என்பதும் பயிற்சியில் இருக்க வேண்டும்.

சான்றிதழ் மட்டும் போதாது

இங்கிலாந்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் பராமரிப்பு நிறுவனங்களும் பராமரிப்புத் தர ஆணைக்குழுவில் பதிய வேண்டும். ஆணைக்குழு சோதித்து நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்துப் பகிரங்கமாக வெளியிடுகிறது. லண்டனில் இருக்கும் அண்ணன் தன் வீதியில் உள்ள நிறுவனத்தின் தரத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்கலாம். தன் தம்பியைப் பார்க்கும் நிறுவனத்தைப் பற்றி அவரால் எதையும் அறிய முடியாது.

அதற்காக, தரச்சான்று வந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஓக்டன் என்ற முதியோர் பராமரிப்பு நிலையம் தரச்சான்றோடுதான் நடந்தது. உள்ளே நடந்த கொடுமைகள் வெளியே வந்து 2017இல் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கே அரச ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. அதன் இடைக்கால அறிக்கையின் தலைப்பே 'புறக்கணிப்பு'. கோப்புகளைப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ், படுத்திருப்பவரைப் பாதுகாக்கவில்லை.

இலங்கையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கட்டணமும் கோப்புகளும் மட்டும் கூடினால் கொழும்பின் பெரிய நிறுவனங்கள் சான்று வாங்கிவிடும். தோட்டத்தில் பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்க்கும் பெண்கள் தடைசெய்யப்பட்டவர்களாகிவிடுவார்கள். கேரளா வேறு வழியில் போனது. 2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை அறிவித்து, உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் தாதியர்களை வீடுகளுக்கு அனுப்பியது. பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள் கூடப் போகிறார்கள். தொண்டர்களை விலக்காமல் தாதியின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்ததுதான் அங்கே நடந்த முக்கியமான காரியம்.

இங்கும் அதற்கு அடித்தளம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் உள்ளனர். சுகாதாரத் துறையில் பொதுச் சுகாதார தாதிய உத்தியோகத்தர்கள் உள்ளனர். வத்தேகமவுக்கு அருகே திகனயில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. ஊதியம் பெற்று ஆள் அனுப்பும் எவரும் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். பராமரிப்பாளருக்கு அடிப்படைப் பயிற்சியும் ஊழியர் சேமலாப நிதியும் வேண்டும். தமிழில் முறையிட ஓர் இடம் வேண்டும். தாதி ஒருவர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து நோயாளியின் முதுகைப் பார்க்க வேண்டும். தரநிலைகளை எழுதும் மேசையில், மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை போன்ற முள்ளந்தண்டு பாதிப்புற்றோரின் சொந்த அமைப்புகளும் இருக்க வேண்டும். படுக்கைப் புண் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதுவரை, ஆள் ஒழுங்கு செய்யும் குடும்பங்கள் இவற்றையாவது கேளுங்கள். வருபவர் எங்கே பயிற்சி பெற்றார்? நோயாளியின் மொழி பேசுவாரா? எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பார், அதை எங்கே எழுதிவைப்பார்? சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவரைப் பார்த்த அனுபவம் உண்டா? அவர் வராத நாளில் யார் வருவார்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் வீடியோ அழைப்பில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைக்காதீர்கள். முதுகு எப்படி இருக்கிறது என்று வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள்.