தேய்ந்த தட்டின் கணக்கு

கிருமாம்பாக்கத்தில் வாக்குவாதம் மூள்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. ஏரித் தண்ணீரைப் பற்றி மூளும். தேர்தலைப் பற்றி மூளும். ஒன்றும் கிடைக்காவிட்டால் பேருந்து வருகிற நேரத்தைப் பற்றியாவது மூளும். ஆனால் சென்ற மாதம் ஒரு மாலையில் கடலூர் சாலைத் தேநீர்க் கடையில் மூண்ட வாக்குவாதம் இவற்றில் எதையும் சேர்ந்ததன்று. 1970-ஆம் ஆண்டுக்கும் 1975-ஆம் ஆண்டுக்கும் நடுவில் வெளிவந்த இசைத்தட்டுகளில் உயர்ந்தது எது என்பதே விஷயம். நேயர்கள் நம்ப மாட்டார்கள். நேரில் பார்த்திராவிட்டால் நாமும் நம்பியிருக்க மாட்டோம்.

வாதிகள் இருவரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வுச் சம்பளம் வாங்குபவர். புதுச்சேரிப் பாஷையில் சொன்னால் ‘சொல்தா’. அந்நாட்களில் பிரான்ஸ் தேசத்தில் இருந்தவர். அங்கிருந்து ஒரு பெட்டி நிறைய ‘ராக்’ சங்கீதத் தட்டுகளும் கொண்டு வந்தவர். மற்றவர் அதே நாட்களில் நம் ஊரிலும் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கலியாணம், காதுகுத்து, கோவில் திருவிழா எதுவானாலும் மைக் செட் கட்டியவர். இருவரும் பால்ய நண்பர்கள். சென்ற மாதம் ஒன்பது நாட்கள் பேசாதிருந்தார்கள்.

நாமோ இருவருக்கும் இளையவர். நாம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது தட்டுகளின் காலம் மங்கி, ஒலிநாடாக்களின் காலம் வந்துவிட்டது. ஆகையால் அந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. அந்த ஒரு தகுதியைக் கொண்டுதான் நம்மை மத்தியஸ்தராக உட்கார வைத்தார்கள்.

சொல்தா பெரியவர் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்தவர் போலத் தொடங்கினார். “தம்பி, 1973-இல் பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கிலேயக் குழுவினர் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ என்று ஒரு தட்டுப் போட்டார்கள். 1973 முதல் 1988 வரையில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மொத்தம் 741 வாரம் அது இருந்தது. உன் தட்டு எத்தனை வாரம் இருந்தது, சொல்.”

மைக் செட்காரர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். “வாத்தியாரே, 741 வாரம் என்றால் எத்தனை வருஷம்?”

பதினான்கு வருஷத்துக்குச் சற்று மேல் என்றோம்.

“அடேயப்பா! ராமர் வனவாசம் முடித்துத் திரும்பியிருப்பாரே!” என்றார் அவர். கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சொல்தா பெரியவருக்கு முகம் சிவந்தது.

கோபத்தில் அவர் இன்னும் இரண்டு உதாரணங்களை எடுத்து வீசினார். லெட் ஸெப்பலின் குழுவினரின் நான்காவது தட்டு 1971-இல் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் என்று அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. கரோல் கிங் என்ற அம்மாளின் ‘டாபஸ்ட்ரி’ அதே 1971-இல் வந்து, தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் வீற்றிருந்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் நாம் மத்தியஸ்தர் அல்லவா? இன்னும் இரண்டு உண்மைகளைச் சொல்ல வேண்டியதாயிற்று. 741 வாரம் பட்டியலில் இருந்த பிங்க் ஃபிளாய்டு தட்டு, அந்தப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். 2 கோடிக்கு மேல் போன லெட் ஸெப்பலின் தட்டோ அமெரிக்காவில் முதலிடத்தைத் தொட்டதே இல்லை. இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. மேலும் அந்நாட்டில் அக்காலத்தில் தங்கத் தட்டு, பிளாட்டினத் தட்டு என்று வழங்கிய விருதுகளுக்குக் கம்பெனியிலிருந்து கடைக்குப் போன தட்டுகளைத்தான் எண்ணினார்களேயன்றிக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன தட்டுகளை அல்ல.

“பார்த்தாயா அண்ணே! அவர்கள் கணக்கே அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை” என்றார் மைக் செட்காரர். உடனே தம் கட்சியைத் தொடங்கினார்: 1972-இல் கே. வி. மகாதேவன் சங்கீதம் அமைத்த ‘வசந்த மாளிகை’. அதற்கு நிகரான தட்டு பூலோகத்தில் இல்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, எம். எஸ். விசுவநாதனின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973-இல் வந்ததே, அது என்ன என்று கேட்டார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், ‘அவள் ஒரு தொடர்கதை’யை ஏன் மறந்தீர்கள் என்றார். இன்னொருவர் 1972-ஆம் ஆண்டின் ‘பட்டிக்காடா பட்டணமா’ என்றார். நடக்கிற சண்டைக்கே அதுதான் பெயர் என்பதை அவர் உணர்ந்து சொன்னாரா என்று தெரியவில்லை. மூலையில் இருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், அந்த வருஷங்களில் தமிழ்நாட்டு வாலிபர்களில் பாதிப்பேர் ‘ஆராதனா’, ‘பாபி’ என்று பாஷை தெரியாமலே ஹிந்திப் பாட்டுப் பாடித் திரிந்தார்கள் என்றும், 1976-இல் இளையராஜா ‘அன்னக்கிளி’யோடு வந்த பிறகுதான் அந்த ஜுரம் இறங்கிற்று என்றும் சொன்னார். இதை மறுத்துச் சொல்ல எவரும் இல்லை.

அப்போதுதான், பால் வாங்க வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த நம் பள்ளி மாணவன் ஒருவன், “ஐயா, வசந்த மாளிகைத் தட்டு எத்தனை விற்றது?” என்று கேட்டான்.

கடையில் சத்தம் அடங்கிவிட்டது. எவருக்கும் தெரியவில்லை. நமக்கும் தெரியவில்லை.

தட்டு விஷயத்தில் நம் தேசம் பின்தங்கியதன்று. 1902-இலேயே கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைத் தட்டில் பிடித்தார்கள். 1908 முதல் அந்நகரிலேயே தட்டுகள் தயாராயின. பின்னர் தும்தும் தொழிற்சாலை வந்தது. பழைய 78 சுற்றுத் தட்டுகளுக்கு உலகத்துக்கெல்லாம் அரக்கு அனுப்பியதும் நாம்தான். ஆனால் எந்தப் பாட்டு எத்தனை விற்றது என்று ஊரறியச் சொல்லும் வழக்கம் மட்டும் நம்மிடம் வேரூன்றவில்லை. ஹிந்தியில் அமீன் சயானி 1952 முதல் இலங்கை வானொலியில் ‘பினாகா கீத்மாலா’ என்று வாரந்தோறும் பாட்டுகளுக்கு வரிசை போட்டார். கடைகளின் விற்பனையையும் நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவர் வரிசை வகுத்தார். விற்பனையை மட்டும் நம்பினால் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏன் போதாது? இதற்குப் பதில் நம் மைக் செட்காரரின் வாழ்க்கையில் இருக்கிறது.

ஒரு பெரிய எல். பி. தட்டின் விலைக்கு, அந்நாளில் பாகூர் வயலில் நடவு நட்ட ஒரு பெண் பல நாட்கள் சேற்றில் நிற்க வேண்டும். தட்டு வாங்கினாலும் அதைச் சுழற்றும் பெட்டி வேண்டும்; பெட்டி இருந்தாலும் வீட்டில் மின்சாரம் வேண்டும். ஆகவே அவள் வாங்கவில்லை. ஆனால் கேட்டாள். மைக் செட்காரர் ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு வீதம் நான்கு பாட்டுள்ள சிறிய 45 சுற்றுத் தட்டு ஒன்றை வாங்கிவந்து, பூவரச மரத்தில் குழாயைக் கட்டி வைத்தால், நாற்றங்காலில் இருந்தவளுக்கும் அது பாடிற்று. ஏரிக்கரையில் மாடு மேய்த்தவனுக்கும் பாடிற்று. டூரிங் கொட்டகையில் படம் தொடங்கப்போகிறது என்பதை ஊருக்கு அறிவித்ததும் தட்டுத்தான். அமெரிக்காவில் ஒரு தட்டு விற்றால் ஒரு வீடு கேட்டது என்று பொருள். இங்கே ஒரு தட்டு விற்றால் ஓர் ஊர் கேட்டது.

வானொலியின் கதையும் இப்படிப்பட்டதே. 1952 வாக்கில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தள்ளி வைத்தது. ஜனங்கள் பாட்டைத் தள்ளி வைக்கவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டார்கள். 1957-இல் விவித பாரதி பிறந்த பிறகும் எழுபதுகளில் நம் கடற்கரைக் கிராமங்களில் காலை வேளையில் கொழும்புக் குரல்களே கேட்டன என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கே. எஸ். ராஜாவின் பெயரைச் சொன்னால் இன்றும் அவர்கள் முகம் மலர்கிறது. இந்தக் காதுகளை எந்தக் கம்பெனி எண்ணியது?

மறுநாள் மைக் செட்காரரின் வீட்டுக்குப் போனோம். போக வேண்டியதன் அவசரமும் இருந்தது. அவருடைய மகன் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார். பரணில் கிடக்கும் சாமான்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது என்று தீர்மானமாகிவிட்டது. பெரியவர் இரண்டு தகரப் பெட்டிகளை இறக்கி நம் முன் வைத்தார். ஏறக்குறைய முந்நூறு தட்டுகள்.

‘வசந்த மாளிகை’ இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். கறுப்பு மினுமினுப்புக் குறையாமல் இருந்தது. ‘உலகம் சுற்றும் வாலிப’னும் அப்படியே. ஆனால் பெட்டியின் அடியில் ஒரு துணியில் தனியே சுற்றி வைத்திருந்த சில தட்டுகள் சாம்பல் பூத்து வெளுத்திருந்தன. ஊசியை மாற்றாமல் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டினால் தட்டின் வரிகள் இப்படித்தான் வெளுக்குமாம். அவற்றில் ஒன்று சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, மற்றொன்று எல். ஆர். ஈசுவரியின் அம்மன் பாட்டு.

“இது தேய்ந்து தேய்ந்து மூன்று தடவை புதிது வாங்கினேன், வாத்தியாரே. சினிமாத் தட்டு ஒரு வருஷம் ஓடும். அடுத்த படம் வந்தால் அதைக் கேட்பார்கள். இது ஒவ்வொரு விசேஷத்துக்கும் முதல் பாட்டு. ஆடி மாதம் முழுவதும் அம்மன் பாட்டு. எது உயர்ந்தது என்று நேற்று கேட்டீர்களே, நானே இன்றுதான் யோசித்துப் பார்த்தேன்” என்றார்.

நாம் திகைத்தோம். எந்தப் பட்டியலிலும் ஏறாத கணக்கு அந்த வெளுத்த வரிகளில் எழுதியிருந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். கலியாண வீட்டுக்காரர்கள், “குழாயை ஊர்ப்பக்கம் திருப்பிக் கட்டு” என்பார்களாம். எந்தப் பக்கம் திருப்பக்கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சொல்லாமலே விளங்கும். “திருப்பித்தான் கட்டுவேன். ஆனால் காற்று அவர்களுடைய பேச்சைக் கேட்டதில்லை. பந்தலுக்குள் வர முடியாதவர்கள் வரப்பில் உட்கார்ந்து முழுப்பாட்டையும் கேட்டுவிட்டுப் போவார்கள். நானும் பார்த்தும் பாராததுபோல் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.”

இதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நாம் கொண்டாடப்போவதில்லை. குழாய்ப் பாட்டுக்கு நடுவில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளும், தூக்கமின்றிப் புரண்ட நோயாளிகளும் ஊர்தோறும் இருந்தார்கள். கேட்கிறவர்களுக்கு நிறுத்துகிற உரிமையும் இல்லை, தேர்ந்தெடுக்கிற உரிமையும் இல்லை. இன்று நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைத் தம் காதுக்குள் மட்டும் கேட்கிறார்கள். அது அவர்களுடைய சுதந்திரம். ஆனால் இரண்டு மாணவர்கள் ஒரே பாட்டுக்காகச் சண்டையிட்டு ஒன்பது நாள் பேசாமல் இருந்ததை நாம் இன்னும் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் சொல்தா பெரியவரை நாமே அழைத்துக்கொண்டு போனோம். அவர் தம்முடைய பிங்க் ஃபிளாய்டு தட்டை உறையோடு கையில் எடுத்து வந்திருந்தார். மைக் செட்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“அண்ணே, இது புதிது போல இருக்கிறதே! நீங்கள் கேட்கவே இல்லையா?”

சொல்தா பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வாங்கி வந்தேன், பெட்டி சீக்கிரமே கெட்டுப்போயிற்று. யாருக்குப் போட்டுக் காட்டுவது? வீட்டில் எவருக்கும் பிடிக்காது. தனியாகக் கேட்க மனம் வரவில்லை, தம்பி” என்றார்.

இரும்புக் கடைக்காரர் வருவதற்குள் முந்நூறு தட்டுகளையும் நம் மாணவர்கள் பட்டியல் எழுதி முடித்தார்கள். படத்தின் பெயர், பாடியவர், சங்கீதம் அமைத்தவர், ஆண்டு என்று நான்கு கட்டங்கள் போட்டுக் கொடுத்தோம். அவர்களாகவே ஐந்தாவது கட்டம் ஒன்று சேர்த்துக்கொண்டார்கள்: ‘தேய்மானம்’. பட்டியலைப் பார்த்த மகன் மனம் மாறி, ஒரு அலமாரி தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’ என்று தினமும் ஒருவரையொருவர் கேலி செய்யும் நம் பிள்ளைகள், அந்தக் கீறல் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில், 1987-க்குப் பிறகு முதல் தடவையாக, குறுந்தகடுகளைவிடப் பழைய மாதிரித் தட்டுகள் அதிகம் விற்றனவாம். அவர்கள் திரும்ப வாங்குகிறார்கள். நாம் இருப்பதை எடைக்குப் போடாமல் இருந்தால் போதும். போகிப் பண்டிகை வருவதற்கு முன்னால் நேயர்கள் ஒரு தடவை பரண்மேல் ஏறிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். மினுமினுப்பான தட்டு அகப்பட்டால் சந்தோஷம். வெளுத்த தட்டு அகப்பட்டால் அதைத் தனியே ஒரு துணியில் சுற்றி வையுங்கள்.