பேரமும் பிலோனும்

"மெக்சிக்கோவில் எல்லாமே கொள்ளை மலிவு." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. பணிநிமித்தம் அங்கே குடியேறிய நம்மவர்கள் ஊருக்குத் தொலைபேசும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் முடிப்பதில்லை. ஓய்வூதியத்தோடு அங்கு வந்து தங்கும் அமெரிக்கர்களும் கனடியர்களும் இதையே ஆங்கிலத்தில் எழுதிக் குவிக்கிறார்கள். மலிவு என்பது பொருளின் குணமன்று. வாங்குபவர் எந்த நாணயத்தில் சம்பளத்தைக் கணக்கிடுகிறார் என்பதைப் பொறுத்தது. இது தெரிந்தும், ஒரு நாட்டின் முதற்பெருமையாக அதன் மலிவைச் சொல்வது வசையன்றி வேறென்ன?

குவாதலஹாரா நகரில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவரின் வீட்டில் மூன்று வாரம் விருந்தினராகத் தங்கியிருந்தோம். அவர் கணினி நிறுவனமொன்றில் பணிபுரிபவர். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துச் சென்றார். ரசம் வைத்துப் போட்டார். விடுமுறை நாளெல்லாம் எங்களுக்காகச் செலவழித்தார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோமோ என்ற கூச்சம் இதை எழுதும்போது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நாம் சொல்ல வருவது அவர் ஒருவரைப் பற்றியதன்று. விருந்தினர் என்ற பெயரில் அன்று உடன் நின்று வேடிக்கை பார்த்த நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

அங்கே வாரத்துக்கொருமுறை தெருவை அடைத்துக் கூடும் சந்தைக்குத் 'தியாங்கிஸ்' என்று பெயர். ஸ்பானியர் வருமுன்பே வழங்கிய நாவாட்ல் மொழிச் சொல்லின் தேய்வு அது. (நம் பழக்கடைச் சப்போட்டாவின் பெயரும் அதே மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்ததே.) துணிப்பந்தலின் கீழ் ஓர் அம்மையார் அமர்ந்து சப்பாத்திக்கள்ளி மடல்களின் முள்ளைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். அதை அங்கே நொப்பால் என்கிறார்கள், காய்கறியாகச் சமைக்கிறார்கள். விலை அட்டையில் எழுதியிருந்தது. நண்பர் எங்கள் பக்கம் திரும்பி, "இப்போது பாருங்கள்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு 5 பெசோ குறைக்கச் சொன்னார். அம்மையார் ஒருகணம் அவரைப் பார்த்தார். பிறகு குறைத்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம்.

அடுத்து வந்த உள்ளூர்ப் பெண்மணி எழுதியிருந்த விலையைக் கொடுத்தார். அவருடைய பைக்குள் ஒரு பிடி கொத்துமல்லியும் இரண்டு பச்சைமிளகாயும் தாமாகவே போய் விழுந்தன. இதற்குப் 'பிலோன்' என்று பெயர். நம் கொசுறேதான். பிலோன் என்றால் சர்க்கரைக் கூம்பு. நம் அச்சுவெல்லம் போன்ற அவர்களது வெல்லத்துக்கும் பிலோன்சியோ என்றே பெயர். பழகிய வாடிக்கையாளர், "என் பிலோன் எங்கே?" என்று உரிமையோடு கேட்பதும் உண்டு. பேரத்தில் 5 பெசோவை வென்ற நாம் இழந்தது இதை. எங்களுக்குக் கொத்துமல்லி வரவில்லை. நண்பர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

"பேரம் நம் பண்பாடு, இதிலென்ன தவறு?" என்றார் வீட்டுக்கு வந்தபின். நம்மூர்ச் சந்தையில் பேரம் பேசுபவர் மறுநாளும் அந்தக் கடைக்கே வருபவர். அவருடைய ஊதியமும் விற்பவருடைய வாடகையும் ஒரே ஊரின் கணக்கில் அடங்குபவை. அங்கேயும் மூட்டை சுமந்து வந்த கிழவியிடம் மட்டும் வாய் நீள்வதும் குளிரூட்டிய பேரங்காடியில் வாய் மூடிக்கொள்வதும் உண்டு என்பது வேறு கதை. குவாதலஹாராவின் வணிகவளாகத்தில் காலணி வாங்கியபோது நண்பர் ஒரு பெசோகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அது பண்பாடு விடுமுறை எடுத்துக்கொண்ட இடம் போலும். மெக்சிக்கோவில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அமைப்புசாராத் தொழில்களில் இருப்பவர்கள். தியாங்கிஸில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் அவர்கள்தாம்.

உணவகங்களில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மதியம் இரண்டு மணிக்குமேல் சிறு உணவுக்கடைகளில் 'கொமீதா கொர்ரீதா' கிடைக்கும். சூப்பு, சோறு, ஒரு குழம்பு, சோளத் தோர்த்தியா, பழச்சாற்று நீர் எல்லாம் ஒரே விலையில், நம் அளவுச்சாப்பாடு போல. உண்டு முடித்தபின் நெடுநேரம் பில் வரவில்லை. "சோம்பேறிகள்" என்றார் நண்பர், தமிழில், சத்தமாக. விருந்தினர் கேட்பதற்குமுன் பில்லைக் கொண்டுவந்து வைப்பது எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம் என்பது அங்குள்ள நாகரிகம். எத்தனையோ ஆண்டு அங்கே வாழ்ந்தும் அது சோம்பலாகவே தெரிகிறது! எழுந்து சென்ற முதியவர் ஒருவர் எங்கள் மேசையைக் கடக்கையில் "ப்ரோவெச்சோ" என்றார். முன்பின் அறியாதவர் நம் சோறு நம் உடம்பில் ஒட்டட்டும் என்று வாழ்த்திச் செல்லும் ஊர் அது. நாங்கள் நால்வரும் ஏதும் பேசாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சைவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை" என்பது அடுத்த பல்லவி. அவரையைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பதும், சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. கேட்டுத்தான் உண்ண வேண்டும். ஆனால் கேட்டால் பூசணிப்பூ வைத்த கேசதியா, சுட்ட நொப்பால், சோளக்கதிரில் பூக்கும் கரும்பூஞ்சையான ஹுயித்லகோச்சே எல்லாம் உண்டு. ஹாலிஸ்கோவுக்கே உரிய தெஹுயினோ என்றொரு பானம். சோள மாவைப் புளிக்கவைத்து, வெல்லமும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் குளிரக் கொடுப்பார்கள். கூழ் குடித்து வளர்ந்த நாக்குக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "தெருவில் குடிக்காதீர்கள், வயிறு கெடும்" என்று நண்பர் தடுத்தார். படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டோம்.

இந்தப் படமெடுக்கும் மனோபாவத்தை நம்மவர் எங்கே கற்றார்கள் என்பது அஹிஹிக் சென்றபோது விளங்கியது. குவாதலஹாராவுக்குத் தெற்கே, சப்பாலா ஏரிக்கரையில் உள்ள சிற்றூர் அது. வட அமெரிக்க ஓய்வூதியர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். டி.எச். லாரன்ஸ் 1923இல் இதே ஏரிக்கரையில் தங்கித்தான் மெக்சிக்கோ நாவலைத் தொடங்கினார். இன்று அங்கே வீடு விற்பனைப் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தலைநகரிலோ, 2022 அக்டோபரில் நகர அரசே ஏர்பிஎன்பி நிறுவனத்தோடும் யுனெஸ்கோவோடும் கைகோத்து, இருந்த இடத்திலிருந்தே வெளிநாட்டு வேலை பார்ப்போரை வரவேற்றது. ஒப்பந்தத்தை அறிவித்த அன்றைய நகரத் தலைவர் கிளாவுதியா ஷேன்பாவும்தான் 2024இல் நாட்டின் அதிபரானார். ரோமா, கொந்தேசா பகுதிகளின் வாடகை உயர்வு பொறுக்காமல் 2025 ஜூலை 4 அன்று மக்கள் தெருவில் இறங்கினர்; சில கடைகளின் கண்ணாடிகள் உடைந்தன. உடைத்ததை நாம் போற்றவில்லை. ஆனால் "மலிவு, மலிவு" என்று எழுதிய ஒவ்வொரு கையும் அந்த வாடகை உயர்வில் உண்டு.

"நாங்களும் பிழைக்க வந்தவர்கள்தாமே?" என்று நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியூரார் எவரும் வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. குவாதலஹாராவின் சான் ஹுவான் தெ தியோஸ் பெருஞ்சந்தையின் கான்கிரீட் கூரை அலையலையாக எழுந்து நிற்கும், 1958இல் திறந்தார்கள். அதை வடிவமைத்த அலெஹாந்த்ரோ சோன் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பிக் குழந்தையாக மெக்சிக்கோவில் அடைக்கலம் புகுந்த யூதர். வந்தேறி ஒருவர் அந்நகரத்துக் கடைக்காரர்களுக்குச் செய்தது அது. வெயிலிலும் மழையிலும் நின்றவர்களின் தலைக்குமேல் ஒரு கூரை.

நண்பரிடம் அவ்வளவு பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. 1987 முதல் அவர் ஊரில்தான் ஸ்பானிய உலகின் ஆகப்பெரிய புத்தகக் கண்காட்சி நடக்கிறது. 2019இல் இந்தியாவே அதன் சிறப்பு விருந்தினர் நாடு. அவ்வாண்டும் அவர் அங்கேதான் இருந்தார், போகவில்லை. நுழைவுக்கட்டணம் கொடுத்துப் புத்தகத்தை வேடிக்கை பார்ப்பதா என்று கேட்டார். ஹுவான் ருல்ஃபோ பிறந்த மாநிலத்தில் இருந்துகொண்டு! போகட்டும்.

ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம், நண்பர் உறங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் இருவர் மட்டும் தியாங்கிஸுக்குப் போனோம். அதே அம்மையார். அட்டையில் இருந்த விலையைக் கொடுத்து, 5 பெசோவைக் கூடுதலாக நீட்டினோம். அவர் எண்ணிப் பார்த்து, 5 பெசோவைத் திருப்பிக் கையில் வைத்தார். அதை விளக்கிச் சொல்ல எங்களிடம் ஸ்பானியம் இல்லை. நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். அவருக்கு அந்த மொழி நன்றாகவே வரும். அடுத்த ஞாயிறு அவரே போய்ச் சொல்லட்டும்.