தோப்பைச் சுத்தம் செய்! கூலியைக் கொடு!

விருத்தாசலத்திலிருந்து பண்ருட்டி வரை பரந்து கிடக்கும் செம்மண் பூமி முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் பெற்றது. செராமிக் தொழிற்பேட்டையில் மண் அரைக்கிற, சூளை அடுக்குகிற தொழிலாளிகள் பலருடைய வீட்டில் தாயோ மனைவியோ இந்தத் தோப்புகளில் கூலி வேலை செய்கிறார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் ஜில்லாவின் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது, மரத்துக்குச் சொந்தக்காரர் மட்டுமா நஷ்டப்பட்டார்? மரத்தை நம்பியிருந்த கூலிக்காரனின் வேலை நாளும் அன்றே சாய்ந்தது. ஆகவே பலாவுக்கு வரும் நோயைத் தோப்புக்காரரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. காய் நின்றால்தான் வெட்டுக் கூலி, சுமை கூலி, வண்டிக் கூலி. காய் அழுகினால் ஒன்றும் இல்லை.

பலா பூத்துப் பிஞ்சு பிடிக்கும் காலத்தில் வருவது பிஞ்சு அழுகல் நோய். ரைசோபஸ் என்னும் பூசணம் இதற்குக் காரணம். காம்பை ஒட்டிய இடம் நீர் கோத்ததுபோல் பழுப்பாகி இளகும். அதன்மேல் வெள்ளைப் பூசணம் படரும்; பிறகு சாம்பல் நிறமாகும்; கடைசியில் கரி பூசியதுபோல் கறுக்கும். அந்தக் கறுப்புத் தூள்தான் பூசணத்தின் விதை. காற்றும் மழைச் சாரலும் பூச்சியும் அதை அடுத்த பிஞ்சுக்குக் கொண்டு போகின்றன. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாட்களில் வேகம் அதிகம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பலாவில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே மரத்தில் வருகின்றன. மகரந்தம் உதிர்ந்ததும் ஆண் பூ கறுத்து விழுவது இயற்கை. அது நோய் அல்ல. அதைக் கண்டு பதறி மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் விழுந்த ஆண் பூவை அப்படியே விட்டால், பூசணம் அதில்தான் குடியேறி வளர்ந்து பெண் பிஞ்சுக்குத் தாவுகிறது. ஆகவே நோய்க்கு முதல் மருந்து கூடையும் துடைப்பமும்தான். விழுந்த பூவையும் பிஞ்சையும் அன்றாடம் பொறுக்கி, தோப்புக்கு வெளியே ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். மரத்திலேயே அழுகித் தொங்குவதையும் அறுத்தெடுக்க வேண்டும். அடர்ந்த கிளையைக் கழித்து, களையை எடுத்து, காற்றும் வெயிலும் உள்ளே வர வழி செய்ய வேண்டும். காயில் காயம் படாமலும், காய் தரையில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. குளிர் நாடுகளின் பீச் பழத் தோட்டங்களிலும் இதே கதைதான். அங்கே பழுப்பு அழுகல் என்ற பூசண நோய் வருகிறது. அழுகிக் காய்ந்த பழம் கிளையிலேயே தொங்கி, மறு வருஷம் பூ வரும்போது அந்தப் பூவுக்கு நோயைக் கொடுக்கிறது. அந்த வற்றல் பழங்களைப் பறித்து அழிப்பதே அங்கும் முக்கியமான வேலை.

இதற்கு மேலும் தேவைப்பட்டால் போர்டோ கலவை இருக்கிறது. பிரான்சில் போர்டோ பகுதித் திராட்சை விவசாயிகள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் பூசண நோய் இல்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் 1882-இல் கவனித்தார். ஆராய்ந்து 1885-இல் உலகுக்குச் சொன்னார். விவசாயியின் கையில் பிறந்த மருந்து அது. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, இன்னொரு 50 லிட்டரில் கலக்க வேண்டும். துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியைக் கலவையில் நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அன்று கலக்கியதை அன்றே அடித்துவிட வேண்டும்.

வழி இவ்வளவு தெளிவாக இருந்தும் தோப்பில் நடப்பது என்ன? பூக்கும்போதே மரத்தின் காயை வியாபாரியிடம் பேசி விடும் வழக்கம் இங்கே உண்டு. காய் தன்னுடையது இல்லை என்று தோப்புக்காரர் சுத்தம் செய்வதில்லை. மரம் தன்னுடையது இல்லை என்று வியாபாரியும் செய்வதில்லை. விழுந்ததைப் பொறுக்க நான்கு பெண்களுக்கு நாலைந்து நாள் கூலி கொடுப்பது வீண் செலவு என்கிறார்கள். பிறகு அழுகல் பரவியதும் கடைக்காரர் கைகாட்டுகிற குப்பியைக் கடனுக்கு வாங்குகிறார்கள். சிறு தோப்புக்காரர் கடனாளி ஆகிறார். தொழிலாளிக்கு வேலை நாள் குறைகிறது. கூலியில் மிச்சம் பிடித்த பணம் குப்பிக்குப் போகிறது! இது என்ன சிக்கனம்?

அந்த மருந்தை அடிப்பவர் யார்? அவரும் நம் தொழிலாளிதான். முகத்தில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு லுங்கி, வெறுங்கால். இதுதான் அவருடைய கவசம். தலைக்கு மேலே உள்ள கிளைக்கு அடித்த மருந்து அவர் முகத்தில்தான் இறங்குகிறது. போர்டோ கலவைகூடப் பச்சைத் தண்ணீர் அல்ல. போர்ச்சுகலில் திராட்சைத் தோட்டங்களில் அதை வருஷக்கணக்கில் அடித்த தொழிலாளிகளுக்கு நுரையீரல் கெட்டிருந்ததை 1969-இல் மருத்துவர்கள் எடுத்துக் காட்டினார்கள். செராமிக் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண் அரைக்கும் இடத்துத் தூசி நெஞ்சில் போய் என்ன செய்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள். சிலிகா தூசியால் வரும் அந்த நோய் சட்டப் பட்டியலில் தொழில் நோய் என்று ஏறியிருக்கிறது. அதுவும் சங்கம் வைத்துக் கேட்டால்தான் கிடைக்கிறது. தோப்பில் சங்கமும் இல்லை, கேட்பாரும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பூசண மருந்தையும் சேர்த்து 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் செய்தார்கள். 1971-இல் விதிகள் வகுத்தார்கள். மருந்து அடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், முதலுதவி, பயிற்சி எல்லாம் அந்த விதிகளில் எழுதப்பட்டன. எழுதியதைத் தோப்புக்குக் கொண்டு வருவது யார்?

ஆகவே நாம் கோருவது இவை:

1. தோப்புச் சுத்தம் தனி வேலை. பூத்தது முதல் காய் வெட்டும் வரை அதற்குத் தனிக் கூலி கொடுக்க வேண்டும். அதைத் தோப்புக்காரர் கொடுப்பதா, வியாபாரி கொடுப்பதா என்பதைக் காய் பேசும்போதே எழுதி வைக்க வேண்டும்.

2. கையுறை, முகக் கவசம், கால் மூடும் பூட்ஸ், கழுவச் சோப்பும் தண்ணீரும் இல்லாமல் யாரையும் மருந்து அடிக்க அனுப்பக் கூடாது. சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கமே விடக் கூடாது.

3. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள அறிவு பூக்கும் காலத்துக்கு முன்பே கிராமத்துக்கு வர வேண்டும். தோட்டக்கலை அதிகாரிகள் தோப்பிலேயே நின்று, தோப்புக்காரருக்கு மட்டுமின்றிக் கூலிக்காரருக்கும் செய்து காட்ட வேண்டும்.

4. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கூட்டுறவுச் சங்கம் மூலம் நியாய விலையில் கிடைக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சிறு தோப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி கேட்கும் தொழிலாளி உங்கள் விரோதி அல்ல. அவள் பொறுக்கிப் புதைக்கும் ஒவ்வொரு அழுகலும் உங்கள் மரத்தில் நிற்கும் பிஞ்சைக் காப்பாற்றுகிறது. உங்கள் காயைப் பூவிலேயே விலை பேசி, அழுகினால் நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டும் முறையை எதிர்க்க அவளும் உங்களோடு வருவாள்.

விவசாயத் தொழிலாளர்களே! இந்தப் பருவத்திலேயே ஊர்தோறும் கூடிப் பேசுங்கள். ஒரு தோப்பில் ஒருவராகக் கேட்டால், நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள். ஊரே கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. செராமிக் தொழிலாளர்களே! முகக் கவசத்துக்காக நீங்கள் எப்படிக் கேட்டீர்கள், எப்படிப் பெற்றீர்கள் என்பதைத் தோப்புக்குப் போகும் உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் கூட்டத்துக்கு நீங்களும் வாருங்கள். பிஞ்சும் நிற்கட்டும், அதைக் காக்கும் கைக்குக் கூலியும் வரட்டும்!