கிளாவரைக்குச் சென்னை வரைபடமா?

கோடைக்கானலினின்று மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என மேல்மலை ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்து சென்றால், சாலை முடியும் தொலைவில் இருப்பது கிளாவரை. அதற்கப்பால் காடு, காட்டிற்கப்பால் கேரளம். பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் குளிர்நிலம் அது. கோடைக்கானல் மலையில் மே திங்களின் நண்பகலிலும் வெப்பம் 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். சனவரி இரவுகளிலோ 8 பாகைக்கும் கீழே இறங்கும். அத்தகைய மலையிலே ஊராட்சி அலுவலகமோ, பங்கீட்டுக் கடையோ, அங்கன்வாடி எனப்படும் குழந்தை நடுவமோ எழுப்ப வேண்டுமாயின், அதற்கு எடுக்கப்படுவது எந்த வரைபடம்? இராமநாதபுரத்து வெயிலுக்கும் திருவாரூர்ப் புழுக்கத்திற்கும் வரைந்து வைத்த அதே பொது வரைபடம்! கூரை தட்டை, சுவர் மெல்லிது, சாளரத்தின்மேல் இரண்டடி நீட்டிய வெயில்தடுப்பு. வெயிலுக்கு ஏங்கும் மலையில் வெயிலைத் தடுக்க அரசே செலவு செய்கின்றது. இதனை எவரும் வியப்பாகவும் கருதுவதில்லை.

“மின்னாற்றலைச் சேமிப்பீர்” என்னும் அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகின்றது? ஒற்றை விளக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வைத்திருக்கும் ஏழை வீட்டாருக்கு. அவர்களுக்கு அது தேவையே இல்லை. கட்டணச் சீட்டே அவர்களுக்கு ஆசான். விளக்கை அணைக்காவிடில் அவர்தம் கைப்பொருளன்றோ கரையும்? பொதுக்கட்டடத்தின் நிலை வேறு. அங்கே விளக்கை ஏற்றுபவர் ஒருவர். கட்டணம் கட்டும் அலுவலகம் வேறு. அதற்கான பணமோ ஊர்மக்கள் அனைவருடையது. ஏற்றியவர்க்கு வலியில்லை, கட்டியவர்க்கு அறை தெரியாது, பணத்துக்குரியவர்க்குக் கணக்கே தெரியாது. வீண்செலவு வளர இதனினும் ஏற்ற நிலம் வேண்டுமா?

இதற்குச் சட்டம் இல்லையா என்பார் உளர். உண்டு. நடுவணரசின் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001 இல் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு மார்ச்சில் அதற்கெனப் பணியகம் ஒன்றும் அமைந்தது. 2007 இல் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு நெறி வெளியாயிற்று. 2017 இல் அது திருத்தப்பட்டது. நல்ல நெறிதான்; குறைகூற வரவில்லை. ஆயின் அது தொடங்குவதே 100 கிலோவாட் இணைப்புச் சுமை கொண்ட பெருங்கட்டடங்களிலிருந்து. பழைய குழல்விளக்கு ஒன்று, அதன் இரும்புச் சோக்கும் சேர்ந்து, ஏறத்தாழ 52 வாட் உண்ணும். நான்கு குழல்விளக்கு எரியும் ஓர் ஊராட்சி அலுவலகத்தின் விளக்குச் சுமை 208 வாட். அத்தகைய அறைகள் 481 ஒன்றுசேர்ந்தாலன்றிச் சட்டத்தின் கண்ணுக்கு அவை புலப்படா. மாநகரத்து அடுக்குமாளிகையைப் பார்க்கும் கண்ணுக்குக் கிளாவரை எங்ஙனம் தெரியும்?

சட்டம் பாராவிடினும் நாம் பார்ப்போம். கணக்கு கடினமன்று, தொடக்கப்பள்ளிப் பெருக்கல்தான். மேற்சொன்ன நான்கு குழல்விளக்குகள் நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எரிந்தால் ஏறத்தாழ 500 அலகு. அவற்றை நீக்கி, எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழி விளக்குகளை 20 வாட் வீதம் மாட்டினால் 192 அலகு. பகலொளி போதிய அளவு உட்புகுந்து, எரியும் நேரம் பாதியானால் 96 அலகு. இதுவரை எல்லாரும் சொல்வதே. மின்தொடரின் கடைக்கோடியில் அழுத்தம் தாழும்போது பழைய குழல்விளக்கு பற்றாமல் துடித்துக்கொண்டிருக்கும். புதியது எரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 300 அலகுக்குமேல் மிச்சம் என்று படம்பிடித்து அறிக்கை வெளியிட்டுவிட்டால் திட்டம் முடிந்தது.

ஆனால் மலையில் திட்டம் முடிவதில்லை. தொடங்குவதே அதற்குப் பிறகுதான். அதே அறையில் குளிர் தாங்காமல் 2 கிலோவாட் மின்கணப்பு ஒன்றை வைத்து, நாளைக்கு 4 மணி நேரம், ஆண்டில் 100 நாள்மட்டும் மூட்டுவதாகக் கொள்வோம். 800 அலகு! ஆண்டு முழுதும் நான்கு குழல்விளக்கும் தின்றதை ஒரு கணப்பு நூறு நாளில் விஞ்சிவிடும். அக்கணப்பின் வெப்பத்தில் ஒரு பங்கு கதவின் அடியிடுக்கு வழியாகவும், மற்றொரு பங்கு சட்டம் வளைந்து மூடாத சாளரத்தின் வழியாகவும், பெரும்பங்கு மேலே காரைத்தளத்தின் வழியாகவும் வானுக்குச் செல்லும். குளியலுக்கோ கழுவுதலுக்கோ 100 இலிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேற்ற மூன்றரை அலகு வேண்டும், அதுவும் நாள்தோறும். சமவெளி அறிக்கையில் விசிறி எத்தனை, குளிர்பதனப் பெட்டி எத்தனை என்று கேட்கும் கட்டங்கள் இருக்கும். கதவிடுக்கு எத்தனை விரல் என்று கேட்கும் கட்டம் இருக்காது. கேளாத கேள்விக்கு விடை எப்படி வரும்?

இடுக்கடைக்கச் சொல்வது மூச்சடைக்கச் சொல்வதன்று. வேண்டியபோது திறக்கும் சாளரம் வேறு. மூடினாலும் மூடாத கதவு வேறு. குழந்தைகள் நிறைந்த அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். அடுப்போ கரியோ எரியும் அறையை முற்ற மூடுவது உயிருக்கே ஊறு. இதனை ஊர்ப்பெண்டிர் நன்கறிவர். அலுவலர்க்குத்தான் நினைவூட்ட வேண்டியிருக்கின்றது.

வெயில்தடுப்பின் செய்தியைச் சற்று விரித்துரைப்போம்; இங்கேதான் அறிவின்மை கண்கூடாகின்றது. கிளாவரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பத்துப் பாகையளவில் உள்ளது. திசம்பர்த் திங்களின் பிற்பகுதியில், குளிர் மிகும் நாள்களில், நண்பகல் ஞாயிறு தென்வானில் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குநோக்கிய சாளரம் இருப்பின் அவ்வெயில் காசின்றி அறைக்குள் வரும். அச்சாளரத்தின் தலையிலேயே இரண்டடித் தடுப்பை நீட்டினால் அதன் நிழல் மூன்றடி கீழே இறங்கும். சாளரத்தின் உயரமே நான்கடி. இயற்கை இலவயமாகக் கொடுத்த கணப்பில் முக்கால் பங்கைச் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே அமர்ந்து மின்கணப்பை மூட்டுகின்றோம்! மலையில் சாரலடிக்குமே, தடுப்பின்றி எப்படி என்று பொறியாளர் கேட்கலாம். ஞாயமான கேள்வி. அதே இரண்டடித் தடுப்பைச் சாளரத் தலைக்கு இரண்டடி மேலே தூக்கி அமைத்துக் கண்ணாடிக் கதவைச் செம்மையாகப் பொருத்தினால், நிழலில் இரண்டடி வெறுஞ்சுவரிலேயே தங்கிவிடும். கண்ணாடியின்மேல் ஓரடிதான் விழும். இதற்கு ஒரு காசும் மிகுதியில்லை. வரையும்போது திசை பார்க்க வேண்டும், அவ்வளவே.

மேல்மலை ஊர்களில் எஞ்சியுள்ள பழைய மண்சுவர் வீடுகளைப் பாருங்கள். தடித்த சுவர், தாழ்ந்த கூரை, சிறிய வாயில். ஒரே அடுப்பு சோறாக்கும், ஆளைக் காய்ச்சும், அதன் புகை, 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை உலர்த்திக் காக்கும். அவ்வீடுகளில் புகையால் கண்ணும் நெஞ்சும் கெட்டன என்பதையும் மறைக்க வேண்டா. பழமை என்பதற்காக எதையும் போற்றுவது நம் நெறியன்று. ஆனால் இடத்துக்கேற்பக் கட்டும் அறிவு அங்கிருந்தது. அதற்குமேல் வந்த பொதுக்கட்டடத்தில் அது இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? அளப்பதில். நாற்பது தாள் அறிக்கை வேண்டா. கட்டடத்தின் பன்னிரு திங்கள் மின்செலவை உருபாவில் அன்று, அலகில் எழுதுக. ஏனெனில் கட்டண வீதம் ஏறினால் உருபா ஏறும், அது நம் செலவு கூடியதற்குச் சான்றாகாது. அவ்வலகைக் கட்டடப் பரப்பின் சதுர மீட்டரால் வகுத்திடுக. கிடைக்கும் எண்ணே அக்கட்டடத்தின் நாடித்துடிப்பு. பக்கத்து ஊர்க் கட்டடத்தோடும் சென்ற ஆண்டோடும் ஒப்பிட அது ஒன்றே போதும். அடுத்து, மாலையில் கதவைப் பூட்டும்போது மின்அளவியைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் திறக்கும்போது மீண்டும் பார்த்திடுக. ஆளில்லா அறை இரவில் எத்தனை தின்றது என்பது அம்பலமாகும். பின்னொருநாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளவியின் சிவந்த புள்ளியை நோக்குக. அப்போதும் அது கண்சிமிட்டினால், எங்கோ ஒன்று உண்டுகொண்டிருக்கின்றது அல்லது கம்பியில் கசிவு உள்ளது.

இக்கோடைக்கானல் மலையிலேதான் 1901 முதல் ஞாயிற்றை ஆய்ந்துவரும் நோக்காய்வுக்கூடம் இருக்கின்றது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஞாயிற்றை நூறாண்டுக்கும் மேலாக அளந்து ஏடெழுதிய மலையில், தலைக்குமேல் பத்தடியில் எரியும் விளக்கை அளக்க ஏடில்லை!

ஆற்றல் தணிக்கை நடக்கும் இடங்களிலும் ஒரு கேடு தொடர்கின்றது. வல்லுநர் வருகின்றார், கருவி வைக்கின்றார், அறிக்கை எழுதுகின்றார், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அது நகராட்சிப் பேழையிலோ மாவட்டத் தலைநகரிலோ உறங்குகின்றது. விளக்கை ஏற்றி அணைக்கும் உதவியாளர், நீரேற்றியை இயக்குபவர், குழந்தை நடுவத்தின் பணியாளர், இம்மூவரே அக்கட்டடத்தின் ஆற்றலை உண்மையில் ஆள்பவர்கள். அவர்கள் படிக்க முடியாத அறிக்கை யாருக்காக எழுதப்பட்டது? மொழிப்பற்றுக்காக மட்டும் இதனை எழுதவில்லை. படிக்க முடிந்தால் அணைப்பார். படிக்க முடியாவிடில் அணைக்க வேண்டியது எதுவென அவர்க்குத் தெரியாது. மின்வீணும் மொழிவீணும் இங்கே ஒரே கம்பியில் ஓடுகின்றன.

சிற்றூரால் இயலுமா என ஐயுறுவோர், மலையினின்றிறங்கிக் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையைக் காண்க. சண்முகம் அவ்வூராட்சியின் தலைவராயிருந்த காலத்தில், ஏறிக்கொண்டே போன மின்கட்டணத்தை விதியென்று விட்டுவிடாமல் ஏடெடுத்துப் பார்த்தனர். நீரேற்றுதற்கு எவ்வளவு, தெருவிளக்கிற்கு எவ்வளவு என்று பிரித்தறிந்தனர். விறகுக்கழிவிலிருந்து வளியாக்கி நீரேற்றியை ஓட்டிப் பார்த்தனர்; தெருவிளக்குக்குக் கதிரவத் தகடு வைத்தனர். 2006 இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி உருபாவில், பெரும்பகுதி வங்கிக்கடனாகப் பெற்று, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. அது நின்றது தன் எல்லைக்குள் அன்று. காற்றுவளம் மிக்க வேறிடத்தில். தன் தேவைபோக எஞ்சியதை மின்வாரியத்திற்கு விற்றது. பலரும் அக்காற்றாலையைக் கண்டு வியந்து திரும்பினர். எமக்கோ அதற்கு முன்பு புரட்டப்பட்ட கட்டண ஏடே பெரிதாகத் தோன்றுகின்றது. ஏடு புரட்டாமல் காற்றாலை வாங்கியிருந்தால் ஓட்டைக்குடத்தில் ஊற்றிய கதையாயிருக்கும். இன்று பல உள்ளாட்சிகள் செய்வது அதுவே: கீழே கதவு மூடாது, கூரைமேல் கதிரவத் தகடு.

ஆண்டுக்கு நானூறு, ஐந்நூறு அலகைச் சேமித்து நாட்டுக்கு என்ன வந்துவிடும் என எள்ளுவோரும் உண்டு. ஊராட்சிக்கு நான்கைந்து கட்டடம். தமிழ்நாட்டிலோ 12,000-க்கு மேற்பட்ட ஊராட்சிகள். பெருக்கிப் பார்த்துக்கொள்க. அன்றியும், அலகு வானத்திலிருந்து விழுவதில்லை. 2023 சூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிர்மேல் மண்வாரி எந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நெய்வேலிச் சுரங்கத்திற்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டினார்கள். பூட்டிய அறையில் இரவெல்லாம் எரியும் விளக்கிற்கும் அந்நெல்லுக்கும் தொடர்பில்லை என்று யாரால் சொல்ல இயலும்?

ஒன்றை அழுத்திச் சொல்வோம். சேமிப்பு என்னும் பெயரால் குழந்தை நடுவத்தில் கணப்பை அணைக்க எவரும் ஆணையிட வேண்டா. மழலைகள் நடுங்கிக்கொண்டிருக்க அலகு குறைந்தது என்று மார்தட்டுவது சேமிப்பன்று, கொடுமை. குறைந்த அலகில் கூடுதல் வெப்பம், குறைந்த அலகில் கூடுதல் ஒளி, கேட்பது இதுவே.

இக்கேள்வியை எழுப்புதற்குரிய இடம் ஊர்மன்றம். கிராம சபை எனப்படும் அக்கூட்டம் ஆண்டுக்கு ஆறுமுறை கூடவேண்டும் என்று 2022 இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது. 2025 சனவரியில் திண்டுக்கல் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குச் சென்றது. யார் பொறுப்பிலிருப்பினும் கணக்கு ஊரார்க்குரியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அலகெத்தனை, சதுர மீட்டருக்கு எத்தனை, சென்ற ஆண்டு எத்தனை என்பவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, கூட்டத்தில் படித்து, அலுவலகக் கதவில் ஒட்டுமாறு கேளுங்கள். நகராட்சியாயின் மன்ற உறுப்பினரைக் கேளுங்கள். மேல்மலை ஊர்களுக்குத் தனி வரைபடம் வேண்டுமென மாவட்ட ஆட்சியர்க்கு எழுதுங்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஊர்ப்பெயர் சுட்டி எழுதுங்கள். கிளாவரையில் அடுத்து எழவிருக்கும் பொதுக்கட்டடத்தின் வரைபடம் எந்த மேசைமேல் விரிக்கப்படினும், அதன் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியை முதலில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுமாறு பொறியாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.